நாற்காலிக்குப் போக மிஞ்சிய இடம்

டிக்கியைத் திறந்ததும் உத்திராபதி உள்ளே தலையை நீட்டி ஒரு முறை கைதட்டுவார். தட்டிவிட்டு அப்படியே நிற்பார். எந்தத் தகரம் அதிர்கிறது, எந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். வண்டிக்காரர் பேச வாயெடுத்தால் கையமர்த்துவார். "இரு மச்சான், கேட்டுக்கறேன்."

சிதம்பரம் வண்டிகேட் பக்கம், தகரக்கூரை போட்ட பட்டறை. கார்களுக்கும் மினி பஸ்களுக்கும் சப்வூஃபர் பெட்டி செய்வதுதான் பத்தொன்பது வருடமாக அவர் தொழில். பாட்டின் அந்தத் 'தும் தும்'மை மட்டும் தனியாக எழுப்பும் ஸ்பீக்கர் அது. பெட்டி சரியாக அமையாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஸ்பீக்கரும் பானைக்குள் இருமுவது போலத்தான் கேட்கும். வயது நாற்பத்தாறு. மீசையில் எப்போதும் மரத்தூள். "சத்தம் ஜாஸ்தியா வேணும்" என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். "சத்தத்துக்கு ஹாரன் இருக்குது. எங்கிட்ட எதுக்கு வர்ற?" குமராட்சி மினி பஸ் டிரைவர்கள் எல்லோரும் இந்த ஏச்சைக் கேட்டவர்கள்தான்.

பெட்டிக்குள் எவ்வளவு கொள்ளும் என்பதை அவர் நெல்லால் அளப்பார். வாய் வரை நெல்லைக் கொட்டி, லிட்டர் படியால் அளந்து சாக்குக்குத் திருப்புவார். கீரப்பாளையத்து மாமனார் கொடுத்த நெல். நாலு வருடமாக அதே மூட்டை.

போன தை மாதம் தட்சிணாமூர்த்தி காரோடு வந்தார். வாடகைக் கார் ஓட்டுபவர். அவர் மனைவி பவானிக்குக் கடலூரில் ஆபீஸ் வேலை. மாடிப்படியில் விழுந்ததிலிருந்து மூன்று வருடமாகச் சக்கர நாற்காலி. தினமும் கணவர்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறார். நாற்காலி ஏற வேண்டுமென்று, டிக்கியில் இருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியை அப்போதே கழற்றிவிட்டார்.

முன்சீட்டில் இருந்தபடி பவானிதான் விஷயத்தைச் சொன்னார். "இந்தச் சேரு வந்ததுலேர்ந்து வூட்டுல ஒவ்வொண்ணா வெளிய போவுது அண்ணே. கட்டில் போச்சு, பீரோ போச்சு, வாசப்படியக் கூட இடிச்சிட்டாங்க. வண்டியில பாட்டும் போச்சு. அது ஒண்ணாவது எனக்குத் திரும்பி வரணும்."

"சின்னதா ஒண்ணு போட்டுக் குடு மச்சான்" என்றார் தட்சிணாமூர்த்தி.

அன்று உத்திராபதி காரை அளக்கவில்லை. நாற்காலியை இறக்கச் சொல்லி, மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி, அதைத்தான் அளந்தார்.

முதல் பெட்டி பின்சீட்டை ஒட்டி அடக்கமாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் நாற்காலி உள்ளே போக ஒரு சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. "பரவால்ல, தெனம் கழட்டி மாட்டிக்கிறேன்" என்றார் தட்சிணாமூர்த்தி. பவானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உத்திராபதி அதைப் பார்த்தார். பெட்டியை வெளியே தூக்கி ஓரமாக வைத்தார்.

"ஞாயித்துக்கெழம வண்டிய விட்டுட்டுப் போ மச்சான். சேரு முழுசா ஏறணும். மிச்ச எடம்தான் எனக்கு."

மிச்ச இடம் என்பது டிக்கிக்குள், காரின் பின்சக்கர வளைவுக்குப் பின்னால் இருந்த ஒரு கோணல் பள்ளம். பலகை அதில் பொருந்தாது. ஞாயிறு முழுக்கப் பள்ளத்துக்குள் டேப் ஒட்டி, ஃபைபர் விரிப்பும் ரெசின் பசையுமாகப் பூசி, காய்ந்ததும் ஓடு மாதிரி உரித்தெடுத்தார். அடுத்த ஒரு வாரம் பட்டறையில் வைத்து மேலும் நாலு பூச்சு, பளபளவென்று கறுப்பு பெயிண்ட். நெல்லைக் கொட்டி அளந்தால் பதினோரு லிட்டர்கூட வரவில்லை. இரண்டாம் முறை அளந்தும் அதேதான். பெரிய ஸ்பீக்கருக்கு அது போதாது என்று எட்டு இஞ்ச் ஸ்பீக்கரை எடுத்துப் பொருத்தினார்.

மாட்டும்போதே பவானியிடம் சொல்லிவிட்டார். "பழசு பன்னெண்டு இஞ்சும்மா. இது எட்டுதான். அந்த அளவுக்கு வராது." யாரிடமும் இப்படி அவர் குரல் இறங்கியதில்லை.

நாற்காலி சக்கரத்தோடு முழுசாக ஏறியது. தட்சிணாமூர்த்தி பாட்டைப் போட்டார். பவானி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு சரணம் முடிந்தது.

"முதுவுல வந்து தட்டுது அண்ணே" என்றார். பிறகு கணவரிடம், "கடலூர் வரைக்கும் நிறுத்தாதீங்க."

தட்சிணாமூர்த்தி தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வண்டி பத்தடி நகர்வதற்குள் உத்திராபதி கையைக் காட்டி நிறுத்தினார். டிக்கியைத் திறந்தார். நாற்காலியின் கால்மிதி பெட்டியின் விளிம்பில் லேசாக உரசிக்கொண்டிருந்தது. "புதுப் பெட்டி கீறிடும், சேரைத் திருப்பி வெச்சிடறேன்" என்று இறங்கி வந்தார் தட்சிணாமூர்த்தி. உத்திராபதி பட்டறைக்குள் போய் அரத்தை எடுத்துவந்தார். கால்மிதி எதிலும் படாமல் நிற்கும்வரை, ஒரு வாரம் தேய்த்து மெருகேற்றிய அந்த விளிம்பை அராவிக்கொண்டே இருந்தார்.