ஒரு சாண் தொய்வு

நன்றாகப் படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து உட்காருவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாவதோடு நின்றவள், கோணி ஊசி பிடித்த கை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு மாடியில் கல்யாணத்துக்குக் கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் வயிறு உப்பி நின்றது. இழுத்துக் கட்ட என் கை தானாக எழுந்தது. கொருக்குப்பேட்டையில், சரக்கு ரயில் நிற்கும் இடத்தருகே, லாரித் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் தொழில் பழகிய கை அது. மெழுகு நூல் வாசனை சோற்றிலும் அடிக்கும். அங்கே ஒரே சட்டம், தொய்வு கூடாது. தொய்ந்தால் மழைத்தண்ணீர் தேங்கி மூட்டை நனையும்.

அந்த வயிற்றைப் பார்த்ததும் ஜாபர் அண்ணன் ஞாபகம் வந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் வெல்டிங் கடை வைத்திருந்தவர். ஏதோ புத்தகப் படத்தைப் பார்த்து, ஒல்லியான இரண்டு ஃபைபர் தோணிகளைக் குழாய்களால் இணைத்து, நடுவில் கம்பம் நட்டு ஒரு படகு செய்திருந்தார். பாய் மட்டும்தான் பாக்கி.

"நீ தெச்சிக் குடும்மா. படகு தெருவயே அடைச்சிகினு கீதுன்னு வூட்ல சோறு போட மாட்டேன்றா."

எண்ணூர் ஆற்று முகத்துவாரத்தில் படகை நிறுத்த இடம் கேட்டார். அங்கே வலை காயப்போடும் தேசப்பன் ஒரு நிபந்தனை போட்டார்.

"காத்துலயே அக்கரைக்குப் போய்த் திரும்பி வா. வந்தா எடம் உண்டு. நாங்க கயிறு கட்டி இஸ்துகினு வர்ற மாரி ஆச்சுன்னா, பிரிச்சி எடைக்குப் போட்டுடு நைனா."

லாரித் தார்ப்பாயிலேயே ஒரு பாய் தைத்து எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு காலை நானும் போனேன். பாயின் அடியோரத்தைத் தாங்கி, கம்பத்திலிருந்து கிடையாக நீட்டிக்கொண்டு ஆடும் குழாய்க்குப் 'பூம்' என்று பெயராம். அதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கதவு மாதிரி இப்படியும் அப்படியும் போகிறதே என்று நாலைந்து தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அப்புறம் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பாயின் ஓட்டைகளில் கயிற்றைக் கோத்து, லாரிக்குக் கட்டுவதுபோல் ஒரு சுருக்கம் இல்லாமல் பூமோடு இறுக்கினேன். தட்டினால் தவில் மாதிரி சத்தம் வந்தது. பெருமையாக இருந்தது.

படகு நகரவே இல்லை. நீரோட்டத்தில் பக்கவாட்டாகச் சறுக்கி மணல் திட்டில் இடித்து நின்றது. தேசப்பன் இரண்டு கையாலும் தண்ணீரை வாரிப் பாய்மேல் அடித்தார். துணிப்பாய் நனைந்தால் காற்றை நன்றாகப் பிடிக்குமாம். என் பிளாஸ்டிக் பாயில் அது வழிந்து ஓடியது.

"பாய்னு சொல்லிட்டு செவுரு தெச்சி வெச்சிகீது இந்தப் பொண்ணு," என்று சிரித்தார். "கயிறு எட்தாரவா?"

ஜாபர் அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தண்ணீரைப் பார்த்தேன். ஒரு கேரி பேக், வயிறு உப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அதற்கு என்ன அவசரமோ!

"அண்ணா, கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாக்கட்டா?"

"இன்னாத்த லூஸ் பண்ணப் போற? பேஜாரு பண்ணாத."

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நடு முடிச்சுகளை அவிழ்த்தேன். பாயைப் பூம் நுனியோடு இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை ஒரு சாண் விட்டேன். பட்டறை முதலாளி பார்த்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். பாய் சுருங்கியது, அசிங்கமாக மடிந்தது, பிறகு சட்டென்று உப்பியது. பூம் சுழன்று ஜாபர் அண்ணனின் தொப்பியைத் தட்டி ஆற்றில் போட்டது. "யம்மா!" என்றார். படகு கிளம்பி, நான் பிடித்திருந்த அதன் கயிறு கையைவிட்டு உருவிக்கொண்டு போனது.

ஜாபர் அண்ணன் அக்கரையைத் தொட்டுவிட்டு அந்தப் பாயிலேயே திரும்பி வந்தார். தேசப்பன் சிரிக்கவில்லை. தன் வலையைச் சுருட்டி நகர்த்தினார்.

"அந்த மூலைல ஏத்திக்க."

நாலு வருடம் அந்தப் படகு அங்கே இருந்தது. பிறகு ஜாபர் அண்ணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். படகு எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மூலை இப்போது அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேடு. நான் நின்ற இடத்தில் தண்ணீர் கணுக்காலுக்குக்கூட வராது.

படகு அக்கரை போய்வந்த மறுநாள் திங்கட்கிழமை. பட்டறைக்கு ஒரு உப்பு லாரி வந்திருந்தது. தார்ப்பாயைத் தொய்வில்லாமல் இழுத்துத் தைத்துக் கொடுத்தேன்.