தொடையளவுத் தண்ணீருக்கு ஒரு படகு

சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் விளக்குமாற்றுத் தடியும் மறு கையில் தன் கடையின் அளவு நாடாவுமாக நானா கடலுக்குள் நின்ற அந்தக் காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. காரைநகரில் எங்கள் சின்ன இறங்குதுறைக்கு முன்னால், தண்ணீர் நன்றாக வற்றியிருந்த நேரம். தடியை மண்ணில் ஊன்றுவார், எடுப்பார், நனைந்த பகுதியை அளப்பார், நாலடி தள்ளிப்போய் மறுபடி ஊன்றுவார். நான் கரையில் நின்று, "காணும் நானா, ஏறி வாங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி வந்து சொன்னார்: "தொடை வரைக்கும்தான் தம்பி. அதுக்கு மேல தண்ணி கேக்கிற எந்தப் படகும் எங்களுக்கு வேண்டாம்." ஒரு படகைத் தேர்ந்தெடுப்பது ஒரு மாதத்து வேலை என்று அன்று நான் நினைத்திருந்தேன். மூன்று வருடத்துச் சோளகம், பாய் விரிக்க ஏற்ற தென்மேற்குக் காற்று, அதிலேயே வீணாகப் போனது.

நான் பல் வைத்தியன். நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகுவதோடு கடலுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இருந்த உறவு முடிந்துவிடும். மேற்படிப்புக்கு வெளிநாடு போன இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய வேறொன்றும் இல்லாமல் பாய்ப்படகு ஓட்டப் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பைத்தியம் என்னை விடவில்லை. நானும் என்னைப்போன்ற ஐந்து பேரும் சேர்ந்து, இரண்டு பழைய சின்னப் படகுகளை வாங்கி, அதற்குக் கழகம் என்று ஒரு பெரிய பெயரும் வைத்தோம். மற்ற ஐந்து பேரையும் விட நன்றாக ஓட்டத் தெரிந்தவர் நானா.

அவர் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் வட்டாரத்தில் பிறந்தவர்; அங்கே அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே நாங்களும் அவரை நானா என்றோம். தொண்ணூறில், இருபது வயதில், சண்டையின் நடுவே, வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனார். அங்கே கடலை ஒட்டிய உப்புநீர்க் களப்பில் சுற்றுலாப் பயணிகளைப் பாய்ப்படகில் ஏற்றிச் செல்லும் வேலையில் பல வருடங்கள் இருந்தார். சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து, தகப்பன் வியாபாரம் செய்த தெருவிலேயே இரும்புச் சாமான் கடை ஒன்றைத் திறந்தார். மனைவியும் மகள்மாரும் வரவில்லை. பள்ளிக்கூடம், வீடு எல்லாம் அங்கே என்பதால் பிறகு வருவார்கள் என்று அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். கடைக்கு மேலிருந்த அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். வாரத்தில் அவர் முகம் தெளிவாக இருக்கும் ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை.

சோளகம் உரத்து வீசிய ஒரு ஞாயிறு நானும் அவரும் கவிழ்ந்தோம். அந்தப் படகுகளில் கவிழ்வது சாதாரண விசயம். நிமிர்த்திவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நானாவின் முழங்கால் வாதத்தில் இறுகிப் போயிருந்தது. காலைத் தூக்கிப் போட முடியாமல் படகின் விளிம்பைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், சட்டைதான் கிழிந்தது. கடைசியில் நண்டு வலைக்காரர் ஒருவர் வந்து, மூட்டை ஏற்றுவதுபோல அவரைத் தன் வள்ளத்தில் ஏற்றினார். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த நானாவின் மனைவி குடையோடு கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். துவாயை நீட்டினார். இன்னும் ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, நிற்க இருந்தவர் மறுநாளே பிள்ளைகளோடு பஸ் ஏறிவிட்டார்.

"இனிக் கவிழுற படகிலை ஏறமாட்டன்" என்று நானா அடுத்த கிழமை அறிவித்தார். அதில் எங்களுக்கும் சம்மதம்தான். ஆறு பேரில் ஒருவரும் இளையவர் இல்லை. சின்னதாக, போட்டிக்கும் ஓட்டக்கூடிய ஒரு கீல் படகு வாங்குவது என்று தீர்மானித்தோம். படகின் அடியில் ஈயமோ இரும்போ சேர்த்த கனத்த தகடு ஒன்று தொங்கும், அதுதான் கீல். காற்று எவ்வளவு சாய்த்தாலும் அந்தப் பாரம் படகை நிமிர்த்திவிடும். தேடும் பொறுப்பை நானாவிடம் கொடுத்தோம்.

அவருடைய நிபந்தனைகள் கிழமைக்குக் கிழமை கூடின. மரம் ஒரு துண்டும் இருக்கக்கூடாது, அப்படி இருந்தால் வருடா வருடம் சுரண்டி வார்னிஷ் பூச வேண்டிவரும். இரண்டு பாய் போதும். இரண்டு பேர் ஓட்ட வேண்டும், ஒருவர் வராவிட்டால் மற்றவர் தனியாகவும் கரை சேர்க்க வேண்டும். பாய்மரத்தைக் கிரேன் இல்லாமல் நிறுத்த முடிய வேண்டும். அறுந்த கயிற்றுக்கும் உடைந்த கொளுக்கிக்கும் மாற்று அவர் கடையிலேயே கிடைக்க வேண்டும். இருக்கைகள் ஆழமாக, முதுகு சாய்ந்து இருக்கக்கூடியதாக வேண்டும். இதெல்லாம் போதாதென்று, தொடையளவுத் தண்ணீரிலும் தரை தட்டாமல் ஓட வேண்டும். கீல் என்றாலே கீழே நீட்டிக்கொண்டு நிற்பதுதானே என்று கேட்டால், "தேடினால் கிடைக்கும்" என்பார்.

வீதி வேலைகளைப் பார்க்கும் இஞ்சினியர் ஒருவர் எங்கள் கழகத்தில் இருந்தார். அவருக்கு வேகம் வேண்டும். திருகோணமலையில் ஒரு படகு விலைக்கு வருகிறது என்று அவர் சொல்ல, அவரும் நானாவும் நானும் வான் வண்டி ஒன்றைப் பிடித்துப் போனோம். மெலிந்த நீண்ட உடம்பு, வானத்தைத் தொடும் பாய்மரம். உண்மையிலேயே வடிவான படகு. இஞ்சினியர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நானா அடித் தகட்டின் அருகில் போய் நின்றார், அது அவர் நெஞ்சு வரை வந்தது. "வடிவுதான். ஆனா ஓட்ட அஞ்சு பேர் வேணும், நிறுத்தத் துறைமுகம் வேணும். நாங்கள் இதுக்கு வேலைக்காரர் ஆயிடுவம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

ஆனால் நீர்கொழும்பில் பார்த்த படகை அவர் தட்டிக்கழித்ததை நியாயத்தில் சேர்க்க முடியாது. பைபர் உடம்பு, இரண்டு பாய், ஆழமான இருக்கை, இரண்டு பேருக்குப் போதும். எல்லாம் அவர் கேட்டபடியே இருந்தது. கீல் மட்டும் ஒரு சாண் அதிகம். வருடத்தில் சில கிழமைகள் வற்று நேரத்தில் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டால் போதும். நானா அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, "வேண்டாம்" என்றார்.

இஞ்சினியருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் படகு தேடேல்லை நானா, மருமகன் தேடுறியள்."

"மருமகன் சுகமாக் கிடைச்சிட்டான்" என்று நானா சிரித்தார். மூத்த மகளுக்கு அந்த மாதம்தான் புத்தளத்தில் நிச்சயமாகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை வண்டியில் நான் அவரோடு கதைக்கவில்லை.

இதற்கிடையில் பழைய படகுகள் இரண்டும் கெட்டுப்போயின. புதுப்படகு வரப்போகிறதே என்று ஒருவரும் அவற்றில் கை வைக்கவில்லை. ஒன்றின் பாய் கிழிந்தது, மற்றதன் அடி வெடித்தது. காற்று நல்ல காற்றாக வீசும். நாங்கள் ஆறு பேரும் இறங்குதுறையில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எந்தப் படகு நல்லது என்று வாதாடுவோம். பிறகு நாலு பேரானோம், பிறகு மூன்று பேர். பாய்ப்படகு ஓட்டுவதற்காகச் சேர்ந்தவர்கள், படகைத் தேர்ந்தெடுப்பதையே தொழிலாக்கிக் கொண்டதை நினைக்க நினைக்க எனக்கு எரிச்சல் ஏறியது.

நீர்கொழும்புப் படகை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று அறிந்த அன்று நேரே நானாவின் கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் போகும்வரை பொறுத்திருந்து, "நானா, இந்த மாதம் நீங்கள் முடிவெடுக்காட்டி நாங்கள் எடுப்பம். ஒரு சாண் தண்ணிக்காக ஒரு வருசம் போயிட்டுது. என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் தராசைத் தள்ளி வைத்தார். "வீட்டுக்காரி நடந்து வந்து ஏறி இருக்கிற மாதிரி ஒண்டு வேணும் தம்பி. தள்ளி நங்கூரம் போட்டால் நீந்திப்போயா ஏறுறது? அண்டைக்கு நான் கவிண்டதை அவ பாத்திட்டுப் போனவ. இங்கை என்ன கிடக்கெண்டு கேக்கிறா. கடை கிடக்கெண்டு சொன்னால், கடை அங்கையும் போடலாமெண்டு சொல்லுறா. ஒருக்கா அவவைக் கூட்டிக்கொண்டு போய், நனையாமல், பயமில்லாமல், இந்தக் கடலைக் காட்டிப்போட்டன் எண்டால்..."

"புத்தளத்திலையும் களப்பு இருக்குத்தானே?"

"இருக்கு. அங்கை நான் கூலிக்கு ஓட்டினவன். எனக்கெண்டு ஓட்டினது இங்கைதான்."

அதற்குப் பிறகு அவருடைய நிபந்தனைகளில் ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் எரிச்சல் போகவில்லை, இடம்தான் மாறியது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்ற எரிச்சல். ஒரு மனிதன் தன் குடும்பம் ஊர் திரும்புவதை ஒரு படகில் கொண்டுபோய் ஏற்றி வைத்திருக்கிறானே, அது எத்தனை பாரம் தாங்கும் என்ற எரிச்சல்.

படகைக் கடைசியில் கண்டுபிடித்தவர் இஞ்சினியர்தான். தென்பகுதியில், நாடு திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவர் விற்பதாகத் தொலைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடி வந்தார். கீலை ஒரு கைப்பிடியைச் சுற்றி மேலே ஏற்றி, படகின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளலாம். அப்போது அதற்கு முழங்காலளவுத் தண்ணீர் போதும். "இந்தாங்கோ, உங்கடை மாப்பிளை" என்று தொலைபேசியை நீட்டினார். நானா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, குறை ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு நானாவின் மனைவி வந்தார். நானா கரையோரமாகவே படகைக் கொண்டுவந்து நிறுத்தினார். மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரும் கைகொடுக்காமலே ஏறி இருந்தார். நான் முன் பாயைப் பார்த்துக்கொண்டேன், நானா சுக்கானில் இருந்தார். காற்று அளவாக இருந்தது. ஆழத்துக்குப் போனதும் கைப்பிடியைச் சுற்றிக் கீலை இறக்கினோம். படகு ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்து, அப்படியே நின்று ஓடியது. மனைவி பயப்படவில்லை. கையை வெளியே விட்டுத் தண்ணீரை அளைந்தார். தூரத்துத் தேவாலயம் ஒன்றைக் காட்டி அது எந்த இடம் என்று கேட்டார். நானா ஒவ்வொரு தீவாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. இனி எல்லாம் சரி என்றே எனக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் மனைவி கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல படகு டொக்டர். உள்ளுக்கு ஒரு துளி தண்ணி வரேல்லை. பொய் சொல்லக்கூடாது, எனக்கு நல்ல சந்தோசம். ஆனா நீங்கள் ஒருக்கா இவருக்கு விளங்கப்படுத்துங்கோவன். மூத்தவ அங்கை கலியாணம் முடிச்சிட்டா. சின்னவ அங்கை படிக்கிறா. என்ரை உம்மாவையும் வாப்பாவையும் அங்கைதான் அடக்கியிருக்கு. படகு நல்லதெண்டு ஆரும் வீடு மாறுவினமோ?"

நானா கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, முன் பாயைக் கொஞ்சம் தளர விடுங்கோ" என்றார். தளர விட்டேன். படகு வேகம் குறைந்து கரைக்கு வந்தது.

மழைக்காலம் தொடங்குமுன் கடையை ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு அவர் புத்தளம் போய்விட்டார். மூத்த மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, வீட்டில் ஆண்துணை வேண்டும் என்றார். நான் வாதாடவில்லை. முழங்காலை மடக்க முடியாததால் பஸ்ஸின் முன் இருக்கையில் இருந்தார். அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இஞ்சினியரும்தான் போகிறோம். படகு வேகம் போதாது என்று அவர் குறை சொல்லுவார், ஆனாலும் ஒரு கிழமையும் தவறாமல் வருவார். படகு ஒரு வேலையும் வைப்பதில்லை. வார்னிஷ் இல்லை, ஒழுக்கு இல்லை, கயிறு ஒன்றுகூட அறுந்ததில்லை. இதை விட நல்ல படகை எங்கள் கடலுக்கு யாராலும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் ஆறுதலாக இல்லை. மூன்று வருடக் காற்றை விட்டுக் கொடுத்து வாங்கிய படகில், அதைத் தேடியவர் ஏறியது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். நீர்கொழும்புப் படகையே வாங்கியிருந்தால் மிச்சமிருந்த காலமாவது அவர் ஓட்டியிருப்பார் என்று நினைப்பேன். வாங்கியிருந்தால் அவர் மனைவி ஏறியே இருக்கமாட்டாரே என்றும் நினைப்பேன். இரண்டு பக்கமும் யோசித்து முடிவதற்குள் கரை வந்துவிடும்.

ஞாயிறு மாலைகளில் நானா தொலைபேசியில் எனக்கு அழைப்பு எடுப்பார். போன கிழமையும் எடுத்தார். பேரப்பிள்ளை அழும் சத்தம் பின்னால் கேட்டது.

"என்ன தம்பி, படகுக்கு ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டும் இல்லை நானா."

"கீல் ஏறி இறங்குதோ? எங்கையும் இறுகேல்லையோ?"

"இல்லை."

"கயிறு ஒண்டும் மாத்தத் தேவையில்லையோ? நல்லாப் பாத்தனிங்களோ?"

"பாத்தனான் நானா. ஒண்டும் இல்லை."

"அப்ப சரி" என்றார். வைக்காமல் இருந்தார். நானும் வைக்காமல் இருந்தேன். ஏதாவது ஒரு பழுதைச் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். படகில் சொல்லும்படியாக ஒன்றும் இருக்கவில்லை.