தகரத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் இடம்

எனக்கு வயசு அறுபத்தேழு. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது என் கடைசிக் கொழுந்தன். நான் வாழ வந்தபோது அவன் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தான். அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான்தான். அந்தப் பெண்தான் என் ஓரகத்தி. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாமல்லபுரம் போகிற ரோட்டில், கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. கூட்டுவது, துடைப்பது, மெத்தை உறை மாற்றுவது. குப்பத்திலிருந்து ஆறு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ வரும், ஆனால் எனக்குச் சைக்கிள்தான். சின்ன மகள் பிளஸ் ஒன் படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவள் கல்யாணமாகி ஊரப்பாக்கம் போனாள், சைக்கிள் என்னோடு தங்கிவிட்டது. பதினோரு வருஷம். ஐப்பசி மழை, கார்த்திகை மழை, எதற்கும் நான் நின்றதில்லை. ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, மறு கையால் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டே போவேன்.

ஓட்டல் கேட்டுக்குள்ளே, வாட்ச்மேன் ரூமை ஒட்டி ஒரு தகரம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே ஒரே ஒரு சைக்கிள்தான் நிற்கும். முதலில் வருகிறவர்களுக்கு அந்த இடம். மற்றதெல்லாம் வேலியோரம் நனையும். சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை கட்டினாலும் எப்படியோ உள்ளே இறங்கிவிடும். சாயங்காலம் ஏறி உட்கார்ந்தால் பஞ்சு குடித்த தண்ணியெல்லாம் புடவைக்கு வந்துவிடும். பதினோரு வருஷமும் காய்ந்த சீட்டில் வீட்டுக்குப் போனவள் நான் ஒருத்திதான்.

போன மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், அதுவரை ஆட்டோவில் வந்துகொண்டிருந்த என் ஓரகத்திக்கு அவள் மகன் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். கூடவே ரோஸ் கலரில் மழைக்கோட்டு. என்னுடையது பழைய உரச்சாக்கு மாதிரி இருக்கும்.

"இன்னாக்கா, மெதுவா வா. நா முன்னாடி போய்கினு இருக்கேன்" என்று முதல் மழையன்றைக்கே மணியடித்துவிட்டு, வழியில் இருக்கிற பாலத்தில் ஏறிப் போனாள். மெதுவாக வரவேண்டுமாம்! நான் போய்ச் சேர்ந்தபோது தகரத்துக்குக் கீழே அவள் சைக்கிள்.

"பெரிம்மா, ஒன் எடம் பூட்ச்சே" என்றார் வாட்ச்மேன். சிரிப்பு வேறு. யாரும் பார்க்காதபோது அவள் சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை.

ஒரு வாரம் இப்படியே. என் சைக்கிள் துருப்பிடித்துக் கறுக் கறுக்கென்று கத்தியது. வேலையில்லாத ஒரு மத்தியானம் பரணில் இருந்த மீன் எண்ணெயை எடுத்தேன். என் வீட்டுக்காரர் கட்டுமரத்துக்குப் பூசிவிட்டு மிச்சம் வைத்தது. கடலோரத்தில் எங்களுக்கு உப்புத்தண்ணிக்கு மருந்து அதுதான். செயினுக்கு மட்டும் விட்டிருக்கலாம். எனக்குத்தான் அவள் சைக்கிள் மாதிரி மின்ன வேண்டுமே. சக்கர வளையம், கம்பி, பிரேக் கட்டை என்று ஓர் இடம் விடாமல் மரத்துக்குப் பூசுவது போலப் பூசினேன்.

மறுநாள் காலையில் நல்ல மழை. பாலத்து உச்சியில் அவளைப் பிடித்துவிட்டேன். இறக்கத்தில் அவளைத் தாண்டினேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டல் கேட்டு வந்ததும் பிரேக்கை அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போனது.

"அக்கா! பிரேக்கப் புடி!"

"புடிச்சிகினுதான்டி கீறேன்!"

கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் போய்ச் செருகினேன். முட்டி சிராய்ந்தது. அவளும் கேட்டில் திரும்பாமல் என் பின்னாலேயே வந்து கையைக் கொடுத்துத் தூக்கினாள். சைக்கிளை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா இது, கருவாட்டுக் கூடை கணக்கா நாறுது?"

நான் முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினேன். அவளே என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்த் தகரத்துக்குக் கீழே நிறுத்தினாள். தன்னுடையதை மழையில் விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் காய்ந்த சீட்டில்தான் வீட்டுக்கு வந்தேன். முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பதினோரு வருஷம் நான் பிடித்த இடத்தை அவள் எனக்குப் பிச்சை போட்டாள். நான் பெண் பார்த்துக் கொண்டுவந்தவள்!

அன்றைக்கு ராத்திரியே பிரேக் கட்டையை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, அடுத்த நாள் எல்லோருக்கும் முன்னால் போனேன். இடம் காலி. ஆனாலும் வேலியோரம் மழையில் நிறுத்தினேன். பிறகு வந்தவள் என் சைக்கிளைப் பார்த்தாள், தகரத்தைப் பார்த்தாள். என் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினாள். அதிலிருந்து இரண்டு பேரும் ஈரச் சீட்டில்தான் வீடு திரும்புகிறோம். அந்த இடத்தில் ஓட்டல் நாய் படுத்துக்கொள்கிறது. அதுவும் அவளைக் கண்டால்தான் வாலாட்டுகிறது.

எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினேன். இந்தா பேத்தி, நீ ஒரு தடவை வாசி, கேட்கிறேன். மீன் எண்ணெய் வருகிற இடத்தை மெதுவாக வாசி. பாலத்தில் நான் அவளைத் தாண்டினேனே, அதைக் கொஞ்சம் சத்தமாக வாசி. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் வூடு.