நல்ல உப்பு

யாரும் கேட்காமலே ஆரோக்கியக் குறிப்பு சொல்லும் வியாதி எனக்கு இருந்தது. சமூக மன்றத்தில் மாதம் ஒருமுறை பெண்களுக்குச் சமையல் வகுப்பு எடுத்தேன். எண்ணெய் குறைத்த கத்தரிக்காய் வறுவல், தேங்காய் இல்லாத குருமா, வெள்ளை அரிசிக்குப் பதில் சிவப்பு அரிசி. வகுப்பு முடிந்ததும் நாலு பேர் என்னைச் சுற்றி நின்று சந்தேகம் கேட்பார்கள். தலைகால் புரியாமல் ஆடுவதற்கு எனக்கு அந்த நாலு பேர் போதும். மின்தூக்கியில் பக்கத்தில் நிற்பவர் கையில் இனிப்புப் பானம் இருந்தால்கூட வாய் சும்மா இருக்காது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு குறிப்பு போடுவேன். யாராவது பிறந்தநாள் கேக் படம் அனுப்பினால் அதற்குக் கீழேயும் ஓர் அறிவுரை. மண்ணாங்கட்டி! இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்தக் குழுவில் நான் சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்த ஒரே ஆள் என் அக்கா. தீவின் கிழக்குக் கோடியில், தெம்பனிஸில் தனியாக இருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் படிக்க வேண்டும் என்று பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவள். மலாய் வெளுத்து வாங்குவாள். ஆங்கிலம் மட்டும் பேருந்துக்கும் சந்தைக்கும் போதுமான அளவு. "என் தங்கச்சி படிச்சவ" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. சிறுநீரகமும் தளரத் தொடங்கியிருந்தது. கவனமாக இருந்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அந்த ஒரு பயம்தான். கீழ்வீட்டு அம்மாள் ஒருவர் டயாலிசிஸ் போய் வருவதையும், அவர் கையில் நரம்பு புடைத்து நிற்பதையும் பார்த்தவள். "எனக்கு என்ன வேணா வரட்டும்டி, அந்த மெஷின் மட்டும் வேணாம்" என்பாள்.

ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பாலிகிளினிக்ல ரத்தம் எடுத்தாங்கடி. ரத்தத்துல உப்பு கூட இருக்காம். சாப்பாட்டுல பாத்து இருக்கணுமாம். ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு."

அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அன்னைக்கே சொன்னேன்ல, உன் கைக்கு உப்பு அளவே தெரியாதுன்னு!" என்று பாட்டு விட்டேன்.

நம் ஆட்கள் வாயில் உப்பு ஒரு பொல்லாத சொல். சிறுநீரில் புரதம் போனாலும் உப்பு, ரத்தத்தில் யூரியா கூடினாலும் உப்பு, பொட்டாசியம் கூடினாலும் உப்பு. என் வகுப்புக்கு வரும் பெண்கள் அப்படிப் பேசும்போது நானே திருத்தியிருக்கிறேன். ஆனால் அக்கா சொன்னபோது என் மனத்தில் வந்து நின்றது அவள் அடுப்படியில் இருந்த உப்பு ஜாடிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபேரர் பார்க்கில் ஒரு கடையில் சோடியம் குறைந்த உப்பு வாங்கினேன். சோடியத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று வகுப்பெடுத்தவள் நான். அக்கா வீட்டுக்குப் போய்ப் பழைய உப்பை அவள் கண்முன்னால் குப்பையில் கொட்டினேன். புது உப்பை ஜாடியில் நிரப்பி, மேலே காகிதம் ஒட்டி, 'நல்ல உப்பு' என்று என் கையால் எழுதி வைத்தேன்.

இரண்டு நாளில் கூப்பிட்டாள். "இது கசக்குதுடி."

"பழகிடும்க்கா. நாக்குக்கா சமைக்கிறோம், உடம்புக்குத்தானே?"

அந்தப் பதில் எனக்கே ரொம்பப் பிடித்துப்போய், மறுநாள் காலைக் குறிப்பாகக் குழுவில் போட்டேன்.

"உப்பே ஒறைக்கல. நல்ல உப்புதானே, இன்னும் கொஞ்சம் சேத்துக்கவா?" என்று இன்னொரு நாள் கேட்டாள்.

"சேத்துக்கக்கா. இதுல பயமில்ல" என்றேன்.

சில வாரம் கழித்துக் கால் துவள்கிறது என்றாள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே மலைப்பாக இருக்கிறதாம். சத்து போதவில்லை என்று நானே தீர்ப்பு எழுதினேன். தினம் ஓர் இளநீர். ஒரு வாழைப்பழம். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டக்கூடாது, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அக்கா தயங்கினாள். "அவங்க குடுத்த பேப்பர்ல வாழைப்பழப் படத்துக்கு மேல செவப்புல கோடு போட்டிருக்கேடி. எளநிக்கும் போட்டிருக்கு."

"அது சுகர்காரங்களுக்குப் பொதுவா போடுறதுலா. பாதிப் பழம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. நான் சொல்றதைக் கேளு."

கேட்டாள். கீரைத் தண்ணீர்க் குவளையைத் தினமும் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். காலுக்கு வலுவேற நடக்கச் சொன்னதும் நான்தான். ஒருநாள் காலை அவள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே நடந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மேற்கே சுவா சூ காங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து தீவின் அந்தக் கோடிக்கு நான் ரயிலில் போய்ச் சேர்வதற்குள் அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டியிருந்தார்கள். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறுகிறது என்றார் மருத்துவர். என்ன சாப்பிடுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உப்புக்கு வந்ததும் எழுதுவதை நிறுத்தினார். "எந்த உப்பு?"

கைப்பேசியில் அந்தப் பொட்டலத்தின் படம் இருந்தது. குழுவில் போடுவதற்காக எடுத்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினேன். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. மருத்துவர் திட்டவில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் இதைத் தொடக்கூடாது என்று பாலிகிளினிக்கில் கொடுக்கும் தாளிலேயே இருக்குமே என்றார், அவ்வளவுதான். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"டாக்டர் என்னடி சொல்றாரு?" என்றாள் அக்கா, படுக்கையிலிருந்து.

"உப்பு கூடிடுச்சாம்க்கா."

அது பொய்யில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டேன்.

அன்றைக்கே மெஷினில் போட்டார்கள். பிறகு அதை நிறுத்த முடியவில்லை. எப்படியும் ஒருநாள் வந்திருக்கும், எத்தனை வருடம் தள்ளிப்போயிருக்கும் என்று சொல்லமுடியாது என்றார்கள். அக்கா வீட்டுக்குப் போய் அந்த ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன். குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து அந்தத் தாளை ஒட்டியிருந்தாள். இத்தனை நாள் அதன் பக்கத்தில் நின்றுதான் நான் அவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். சமூக மன்றத்தில் முட்டிவலி என்று சொல்லி வகுப்பை விட்டுவிட்டேன்.

வாரம் மூன்று நாள் அவளை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிறேன். நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். போன வாரம், ஊசி போடாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒண்ணு சொல்லுவேன், திட்டக்கூடாது."

"சொல்லுக்கா."

"நீ குடுத்த உப்பு கசந்துச்சா, சோறே எறங்கல. நீ இல்லாதப்ப ஊறுகா தொட்டுக்கிட்டேன். தெனம் இல்லடி, எப்பவாச்சும்தான். அதான் உப்பு ஏறிடுச்சு. நீ அவ்வளவு பாடுபட்டே, நான் நாக்கைக் கட்டாம கெடுத்துக்கிட்டேன்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை மாதமாக இதைச் சுமந்துகொண்டுதான் அந்த நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள், பாவி மகள். இப்போதாவது சொல்லித் தொலை என்று எனக்குள் ஒருத்தி கத்தினாள். மின்தூக்கியில் முன்பின் தெரியாதவரிடம் பேசிய அதே வாய்தான்.

"பரவால்லக்கா, விடு. இனிமே ஊறுகா பக்கம் போகாதே" என்றேன்.

"போகமாட்டேன்டி" என்று என் கையை இறுக்கிக்கொண்டாள். "இனிமே நீ சொல்றத மட்டும்தான் சாப்பிடுவேன்."