பெருவிரலில் தொடங்கிய பயம்

நெஞ்சிலிருந்த புற்றுநோய் காலுக்கு இறங்கிவிட்டது என்றுதான் நான் முதலில் நம்பினேன். அது எந்தப் பாதையால் இறங்கியது என்பதுவரை மனதில் வரைந்தும் வைத்திருந்தேன்.

நுரையீரல் கட்டிக்கு மருந்து ஏற்றத் தொடங்கியிருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தேன். மனைவி என் காலைப் பார்த்தாள்.

"இதென்ன மச்சான், ஒரு கால்ல உங்கட செருப்பு, மத்தக் கால்ல ஆருட செருப்பு?"

வலது காலில் யாரோ ஒருவருடைய பெரிய ரப்பர் செருப்பு. பள்ளிவாசலிலிருந்து அதை இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்; தெரியவே இல்லை.

"களவெடுத்தா சோடியா எடுக்கோணும்," என்றாள்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுப் பெருவிரலைக் கிள்ளினேன். அடுத்த வீட்டுக்காரனின் விரலைக் கிள்ளியது போல இருந்தது.

அன்றிலிருந்து தொழுகைக்கு முன் வுழூ செய்து கால் கழுவும்போதெல்லாம், தண்ணீரின் குளிர் எதுவரை தெரியவில்லை என்று பார்ப்பதே என் தொழில். முதலில் விரல்கள், பிறகு பாதம். இந்த வேகத்தில் ஏறினால் நோன்புக்குள் இடுப்பு, ஹஜ்ஜுப் பெருநாளோடு ஆள் முடிந்தான். யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவியிடம் மட்டும் போய், "நான் செய்த பிழையெல்லாம் மாப் பண்ணுங்க புள்ள," என்றேன்.

"எந்தப் பிழை? கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து சொல்றீங்களா, இண்டைக்குச் செய்ததா?" என்றவள் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். விடயத்தைக் கறந்து, கிளினிக்கில் எனக்கு முதல் அவளே வாய் திறந்தாள்.

டொக்டர் காலைத் தட்டிப் பார்த்தார்.

"நோய் பரவல்ல காக்கா. இது மருந்துட வேல. கலம், அதான் செல், ரெண்டாப் பிரியிறதுக்கு, உள்ளுக்க இருக்கிற நுண்ணிய புரதக் குழாய்கள் கழண்டு கழண்டு பூட்டுப்படோணும். இந்த மருந்து அதக் கழள விடாது. அதால புற்றுநோய்க் கலம் பெருக ஏலாமச் சாகுது. ஆனா நரம்புக்குள்ளயும் அதே குழாய்தான். சாமான் போற ரோட்டு மாதிரி; மருந்து அதயும் மறிச்சிருது. கால்விரலுக்குப் போற நரம்புதான் ஆக நீளம். அதான் அங்க முதல்ல மரக்குது."

மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே போய்விட்டது.

"அப்ப மருந்த நிப்பாட்டிருவீங்களா?"

"மறைச்சுக்கொண்டே இருந்திருந்தா நிப்பாட்டத்தான் வந்திருக்கும். இப்ப குறைச்சுப் பாப்பம்."

அளவைக் குறைத்துத்தான் மிச்ச மருந்தை ஏற்றினார்கள். கடைசி ஸ்கேனில் கட்டி சிறுத்திருந்தது, முற்றாகப் போகவில்லை. பாதத்தில் உணர்வு திரும்பியது. விரல்களில் இன்னும் வரவில்லை.