பிள்ளையார் சுழியை ஏற்காத கம்ப்யூட்டர்

சாத்தூர் ரோட்டில் இருந்த எங்கள் அச்சகத்தில், அப்பா தன் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் ‘உ’ என்று தட்டும் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எந்த ஆர்டராக இருந்தாலும், முதலில் பிள்ளையார் சுழி மட்டும் உள்ள ஒரு கோப்பு, அச்சுக்குப் பிளேட் போடும் இன்னொரு கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும். அதன் பின்னால்தான் காலண்டரும் பட்டாசு லேபிளும். அதை விட்டுவிடச் சொல்ல எங்களில் யாருக்குத் துணிச்சல் இருந்தது!

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த மதினி, பிளேட் கம்ப்யூட்டரில் புதிய இயங்குதளம் ஒன்றைப் போட்டிருந்தார். இலவசமானது, உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் அன்றிலிருந்து அப்பா அனுப்பும் வேலையெல்லாம் போய்ச் சேராமல் நின்றது. லேபிள் சீசன் வேறு. “இது நமக்குச் சரிப்படாது தாயி. பழையபடி மாத்திட்டு நீ வீட்டைப் பாரு” என்று சொல்லிவிட்டார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மதினியின் முகம் செத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், மதினி சோதனைக்கு அனுப்பும்போது எவ்வளவு பெரிய படமும் பறந்தது. அப்பா உட்கார்ந்தால் நின்றது. “அப்பா கைராசி அப்படி” என்று அண்ணன் கேலி செய்தார். மதினி சிரிக்கவில்லை. அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். அட, சுழி! அதை மட்டும் மதினி ஒருமுறைகூட அனுப்பிப் பார்த்ததில்லை.

பிறகு இயங்குதளத்தின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வரிவரியாகப் படித்தார். நானும் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்தேன். கம்பியில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் தன் நீளத்தைத் தானே சொல்லும். ரொம்பச் சின்னதாக இருந்தால், அனுப்பும் பக்கமே பின்னால் பூஜ்யங்களைத் திணித்துக் குறைந்தபட்ச அளவுக்கு நிரப்பிவிடும்; சொன்ன நீளம் மட்டும் மாறாது. வாங்கும் பக்கமோ, சொன்ன நீளமும் வந்த நீளமும் சமமா என்று பார்த்தது. இல்லையென்றால் குப்பையில் போட்டது. ஒற்றை எழுத்து ஒவ்வொரு முறையும் குப்பைக்குப் போக, லேபிளெல்லாம் அதன் பின்னால் காத்துக் கிடந்தன.

“பேசாம சுழிய விட்டுறச் சொல்லிருவோம்” என்றார் அண்ணன்.

“மாமா என்ன தப்பாவா அனுப்புதாக? வாங்குறதுதான சரியில்ல! கிப்ட் பாக்ஸ்ல எடம் மிஞ்சுனா பேப்பரத் திணிக்கோம். அதுக்காக வெடியத் தூக்கிப் போட்டுருவாகளா?” என்றார் மதினி.

வந்தது சொன்னதைவிடக் குறைந்தால் மட்டும் தள்ளு, மிஞ்சினால் நறுக்கிக்கொள் என்று மாற்றினார். மாறியது ஒரே ஒரு வரி. இன்று எனக்கும் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. ஆனாலும் அன்று வந்த ஆச்சரியம் பிறகு எதிலும் வந்ததில்லை.

மறுநாள் காலை அப்பா தட்டினார். சுழி போனது. பின்னாலேயே லேபிள்கள் வரிசையாகப் போயின. “என்னத்தா பண்ணுன?” என்று கேட்டு, மதினி சொன்ன கிப்ட் பாக்ஸ் கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டார். போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்.

“மத்தியானச் சோத்துல இனிமே மருமவளுக்கும் சேத்து இங்கன குடுத்து விட்ரு. அவளுக்கு இங்க வேலை இருக்கு.”