சாவி வந்தால்தான் வண்டி ஏறும்

சரக்குக் கொட்டகைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற யாரும் அவளை முதலில் காதால்தான் சந்திப்பார்கள். ரயில் பெட்டிகளின் இரைச்சலையும் மீறி, "சாவி எங்கே?" என்று ஒரு குரல் கேட்கும். சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற சாவியக்காவின் குரல் அது.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மேடைக்கும் சரக்குப் பெட்டிக்கும் நடுவே இரும்புப் பலகையைப் பாலம்போலப் போட்டு, சுமையோடு அதன்மேல் ஏறி உள்ளே போவது அவளுக்குக் கைவந்த வேலை. ஒருநாள் அவள் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, பெட்டி காலி என்று நினைத்து யாரோ கொடியசைத்துவிட்டார்கள். எஞ்சின் வந்து பெட்டியை மெல்ல இடித்தது. பலகை நழுவி வண்டி சாய்ந்தது. வண்டிக்குள்ளேயே இறுகப் பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் தப்பியிருப்பாள். பதற்றத்தில், அத்தனை டன் இரும்பைத் தாங்கிவிடலாம் என்பதுபோல் காலை வெளியே நீட்டினாள். இடது பாதத்தில் பாதி போயிற்று.

எஞ்சினை ஓட்டியவன் அவள் கணவனின் தம்பி. அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் அவன் அண்ணி முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

காயம் ஆறி வந்தவளிடம் மேலாளர், "உக்காந்து பில் போடற வேலை தரேம்மா" என்றார்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேங்க."

"ஒரே ஒரு தடவை. முடியலன்னா மேசைதான்."

இடது கால் கிளட்சை மிதிக்குமா என்று பார்க்கக் கொட்டகையே கூடிவிட்டது. மிதித்தது. பலகை வரைக்கும் போனவள், அங்கே டக்கென்று நிறுத்தினாள்.

"அவ்ளோதான், பயந்துட்டா" என்றார் ஒரு சுமைதூக்கி.

அவள் தண்டவாளத்தின் கோடியில் நின்ற எஞ்சினைப் பார்த்துக் கத்தினாள். "கொழுந்தனாரே! சாவியக் கழட்டிக்கிட்டு இறங்கி வாங்க."

"எதுக்கு அண்ணி?"

"நான் வெளிய வர்ற வரைக்கும் அது என் கழுத்துல கிடக்கட்டும்."

"சொந்தக் கொழுந்தன்மேலயே நம்பிக்கை இல்லையாக்கா?" என்று சீண்டினார் சுமைதூக்கி.

"அவருமேல இருக்கு. கொடி புடிக்கிற உங்கமேலதான் இல்ல."

கொட்டகை அதிரச் சிரித்தது. கொழுந்தன் கயிற்றில் கோத்த சாவியை நீட்டினான். "தொலச்சிராதீங்க அண்ணி."

"பாதிப் பாதத்தத்தான் தொலச்சேன். புத்தியத் தொலைக்கல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பலகை தடதடக்க அவள் உள்ளே போனாள். சுமையைக் கீறல் படாமல் மூலையில் இறக்கிவிட்டு வந்தாள். "அந்த மேசைக்கு வேற ஆளப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு மேலாளர் நடந்தார்.

இப்போது அந்தக் கொட்டகையில் எஞ்சின் சாவி கைக்கு வராமல் எந்த ஃபோர்க்லிஃப்டும் பெட்டிக்குள் ஏறுவதில்லை. அவள் முதல் மேடையில் ஓட்டுகிறாள்.